இனாமாக வந்த யெஸ்டி

“எடுத்துட்டுப் போயிருப்பா, நாலு வருஷமா அதுல கோழிதான் அடையுது” என்றார் சித்தி. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மாட்டுத் தொழுவத்தின் மூலையில், உரச்சாக்குகளுக்கு அடியில், காலமான என் சித்தப்பாவின் யெஸ்டி 250. 1979 மாடல். டயர் இரண்டும் மண்ணோடு ஒட்டிப்போயிருந்தன. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்திருக்க வேண்டும்.

மதுரைக்கு ஏற்றி வந்த குட்டி லாரிக்கு வாடகை 2,500. ஒரு நாற்பது பக்க நோட்டில் அதுதான் முதல் வரி. அட்டையில் ‘மொத்தம் 25,000’ என்று பேனாவால் எழுதியிருந்தேன். பென்சிலில் எழுதியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள் என் மனைவி.

யெஸ்டி பிறந்த ஊர் மைசூர். செக்கோஸ்லோவேகியாவின் ஜாவா வண்டியை உரிமம் வாங்கி 1961 முதல் அங்கே செய்த ஐடியல் ஜாவா ஆலை, பிறகு யெஸ்டி என்ற பெயரில் தொடர்ந்து, 1996இல் மூடப்பட்டது. 2022இல் அதே பெயரில் புது வண்டிகள் வந்தன. ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றின் போல்ட் நட்டுகூட நம் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு உதவாது. ஆக, பழைய கடைகளில் மிஞ்சிய சரக்கு, யாரோ புதிதாக அடித்து விற்கும் டூப்ளிகேட், செத்த வண்டியிலிருந்து கழற்றியது, இந்த மூன்றுதான் வழி. விலையைக் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

நான் செய்த முதல் தப்பு, கண்ணுக்குத் தெரிவதில் ஆரம்பித்தது. டேங்க்கின் பக்கவாட்டில் குரோம் மின்ன வேண்டும் என்று ஆசை. குரோம் என்பது மேல்பூச்சு மட்டும்தான். செம்பும் நிக்கலும் அடியில் ஏறினால்தான் அது நிற்கும். அதற்கு முன் துருவை இழைத்து எடுக்க வேண்டும். இழைத்ததில் என் டேங்க்கின் அடியில் ஊசித் துளைகள் தெரிந்தன. பித்தளைப் பற்றவைப்பு, மறுபடி இழைப்பு, பிறகு முலாம். 25,000இல் மூன்றில் ஒரு பங்கு, பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே போயிற்று.

கார்புரேட்டரைக் கழுவி, லிட்டருக்கு நாற்பது மில்லி டூ டி ஆயில் கலந்து உதைத்தேன். இந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் முன்னால் சாய்த்தால் கியர். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஐந்து நிமிடம் கியர் லீவரைத் தேடுவார்கள். பதினோராவது உதையில் பிடித்தது. தெருவே வெண்புகை. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தெருமுனை மெக்கானிக் பாய் வந்து நின்றார். எழுபது வயது. புகையை முகர்ந்து பார்த்துவிட்டு, “கியர் ஆயில் எரியுது தம்பி” என்றார்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள்தான் வரும். பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த அறை உறிஞ்சும், கீழே இறங்கும்போது அழுத்தும். அறையை அடைத்து நிற்பவை இரண்டு ரப்பர் ஆயில் சீல். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை விடும். டைனமோ பக்கத்து சீல் போனால் வெறும் காற்றை உறிஞ்சும். புகை இருக்காது, வண்டி சீறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாய் சொன்னபடி, புகைகிற வண்டியைவிட புகையாமல் சீறுகிற வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும்.

சீல் இரண்டும் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆனால் கழற்றியபோது கனெக்டிங் ராடு ஆடியது. அதை மாற்ற கிராங்க்கை லேத் பட்டறையில் பிரஸ் போட்டுப் பிரித்து, மறுபடி சேர்த்து, டயல் வைத்து நேர் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் 0.50 என்று பொறித்திருந்தது. சித்தப்பா ஏற்கெனவே போரிங் போட்டிருக்கிறார். இப்போது 0.75. பட்ஜெட் வளர்வது இப்படித்தான். வாங்கப் போன சாமானால் அல்ல, திறந்தபின் தலைகாட்டும் சாமானால். முதலில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு, பிறகு அட்டையில் தொகை எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

எஞ்சின் சேர்த்த அன்று பாய் டைமிங் வைத்தார். பிளக் துளையில் வெர்னியரை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் குறித்தார். அங்கிருந்து மூன்று மில்லி பின்னால் கொண்டுவந்தார். பாயிண்ட்டின் இரு பல்லுக்கு நடுவே சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைச் செருகி, இரு விரலால் லேசாக இழுத்தபடியே தகட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பல் விலகும் அந்த நொடியில்தான் கரண்ட் அறுந்து பொறி பறக்கும். தாள் சட்டென்று கையோடு வந்தது. “பூட்டு” என்றார். அவர் கூலி 300. நோட்டிலேயே எனக்கு உறுத்தாத வரி அதுதான்.

இன்னொன்று. ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டி இனாமாக வந்தாலும் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேடி நான் மூன்று மாதம் அலைந்தேன். அதற்குப் பிறகுதான் ஐந்தாண்டுப் புதுப்பிப்பு. 2021இல் வந்த வின்டேஜ் பதிவு ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு. அதில் பதிந்தால் தினசரி ஓட்டவும் முடியாது. பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது சேஸிஸ் எண்மேல் டேப் ஒட்டிக் கொடுங்கள். இழைப்பவருக்கு எண்ணும் துருவும் ஒன்றுதான்.

போன ஞாயிறு சித்தியைப் பின்னால் உட்காரவைத்துத் தெருவில் ஒரு சுற்று சுற்றினேன். இறங்கியவர், “இத்தனை சத்தம் அப்ப இல்லையே” என்றார். பாய் குனிந்து, இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் மாறி மாறி உள்ளங்கையைக் காட்டினார்.

“இடது பக்கம் அடைச்சிருக்கு தம்பி. சுட்டுத்தான் கரி எடுக்கணும்.”

மனைவி உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தாள். கையில் பென்சில்.