உயரத்தில் ஒரு செவி

அமெரிக்க நாட்டின் நடுவே ஓக்லஹோமா, கான்சாஸ் என்னும் மாநிலங்கள் உள்ளன. அங்கே ஏப்பிரல், மே மாதங்களில் கொடிய சுழற்காற்று எழுவதுண்டு. கருமேகத்தினின்று யானையின் துதிக்கைபோல் இறங்கி நிலத்தைத் தொடும் அக்காற்று, எதிர்ப்பட்ட வீட்டையும் மரத்தையும் பெயர்த்து எறிந்துவிடும். வானிலை நிலையத்தாரிடம் ராடார் கருவி உண்டு. ஆயினும் நில உருண்டை வளைந்திருத்தலால், தொலைவில் தரையையொட்டி நிகழ்வது ராடாரின் பார்வைக்குக் கீழே மறைந்துவிடுகிறது. ஆதலின், பயிற்சி பெற்ற தொண்டர்கள் நாட்டுப்புறச் சாலைகளில் நின்று தாம் கண்டதைக் கண்டவாறே அறிவிக்கும் ஏற்பாடு ஒன்றை அந்நாட்டு வானிலைப் பணித்துறை வைத்துள்ளது. 'ஸ்கைவார்ன்' என்பது அதன் பெயர்.

அத்தொண்டருள் ஒருவர் வயல் ஓரத்தில் தம் காரை நிறுத்தியுள்ளார் என்று கொள்வோம். அவர் கையில் இருப்பது 5 வாட் ஆற்றலுடைய சிறு வானொலிக் கருவி. வானிலை நிலையமோ 80 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. "காற்று தரையைத் தொட்டுவிட்டது, வடகிழக்கு நோக்கிச் செல்கிறது" என்று அவர் சொல்லும் சொல் அந்நொடியே அங்குச் சேர்ந்தாக வேண்டும். அது எங்ஙனம் சேர்கிறது என்பதையும், சில வேளைகளில் ஏன் சேராமற் போகிறது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

இவரைப் போன்றோர் வானொலியைப் பிழைப்புக்குரிய தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆர்வத்தால் கற்று, அதற்குரிய தேர்வில் தேறி, உரிமம் பெற்றவர்கள். இவர்களை 'ஹாம்' என்று உலகம் முழுவதும் அழைக்கின்றனர். இவர்கள் பேசுவதற்கு ஒதுக்கப்பட்ட அலைகளுள் ஒன்று ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுடையது. இவ்வலை பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்லும். நிலத்தின் வளைவைத் தழுவி நெடுந்தொலைவு போகாது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்து நிற்பவருக்கு வானொலித் தொடுவானம் 5 கிலோமீட்டர் தொலைவிலேயே முடிந்துவிடும். அத்தகைய இருவர் சமவெளியில் 10 கிலோமீட்டர் இடைவெளியில் நின்று பேசுவதே அரிது. ஆனால் 150 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் அத்தொடுவானம் 50 கிலோமீட்டர் அகன்றுவிடும். ஆயிரம் மீட்டர் உயர்ந்த மலையானால் 130 கிலோமீட்டர் வரை எட்டும்.

ஆகவே, உயரமான ஓரிடத்தில் ஒரு செவியையும் ஒரு வாயையும் வைத்துவிட்டால் இடர் தீர்ந்தது. கீழிருந்து வரும் மெல்லிய குரலைச் செவி கேட்கும். கேட்ட அந்நொடியிலேயே வாய் அதனை உரத்துச் சொல்லும். இவ்வமைப்பை 'ரிப்பீட்டர்' என்பர். நாம் மறுபரப்பி என்று வழங்குவோம். கேட்பதும் பேசுவதும் ஒரே அதிர்வெண்ணில் நிகழ முடியாது. எனவே 146.34 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 146.94 மெகாஹெர்ட்ஸிற் பேசுவது போல, இரண்டு அதிர்வெண்களை இணையாக வகுத்துக்கொண்டனர். இந்த இணை அமெரிக்காவிற் பெரிதும் வழங்கியதாகும்.

இத்தகைய நிலையத்தைப் புதிய கருவிகளால் அமைக்கப் பெரும்பொருள் வேண்டும். ஹாம்களிடம் அப்பொருள் இல்லை. அவர்களுக்குக் கைகொடுத்தவை காவல்துறையும் வாடகைக் கார் நிறுவனங்களும் கழித்த பழைய கருவிகளே. எட்வின் ஆம்ஸ்டிராங் என்னும் அறிஞர் 1933-இல் காப்புரிமை பெற்ற அதிர்வெண் பண்பேற்ற முறை, இடியாலும் பொறிகளாலும் எழும் இரைச்சலைப் பெரிதும் அடக்க வல்லது. அம்முறையைக் கொண்டு பேராசிரியர் டேனியல் நோபிள் வகுத்துத் தந்த இருவழி வானொலி அமைப்பைக் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை 1940-இல் நிறுவியது. உலகப் போருக்குப் பின் அத்தகைய கருவிகள் நாடெங்கும் பரவின. பரவவே, அலைவரிசைகளுக்கு நெருக்கடி உண்டாயிற்று. 1950-களின் இறுதி தொடங்கிச் சில ஆண்டுகளில், ஒவ்வொரு நிலையமும் தன் அலையின் அசைவை 15 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸாகக் குறுக்க வேண்டியதாயிற்று. அதற்கு இசையாத பழங்கருவிகள் கிடங்குகளிற் குவிந்தன. ஒருவர் தூக்குவதற்கே அரிதான கனமுடைய, வெற்றிடக் குழல்கள் நிறைந்த அப்பெட்டிகளை ஹாம்கள் பழைய இரும்பின் விலைக்கு வாங்கிச் சென்றனர். பின்னாளில் டிரான்சிஸ்டரால் இயங்கும் மோட்டரோலா நிறுவனத்தின் 'மைக்கார்', ஜெனரல் எலக்டிரிக் நிறுவனத்தின் 'மாஸ்டர் டூ' ஆகியவையும் இவ்வாறே அவர்கள் கைக்கு வந்தன. 2013-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைவரிசைகள் இன்னும் குறுக்கப்பட்டபோது, மற்றுமொரு முறை கிடங்குகள் நிறைந்தன.

வாங்கிய கருவியை அப்படியே வைத்தலாகாது. அது 150-க்கு மேற்பட்ட அதிர்வெண்ணுக்கென்று செய்யப்பட்டிருக்கும். அதனை 146-க்கு இறக்க, முதலில் புதிய படிகம் வேண்டும். படிகத்தின் மெல்லிய அதிர்வைப் பன்மடங்காக்கியே இறுதி அலையைப் பெறுகின்றனர். 12 மடங்காக்கும் பரப்பியில் 146.94 வேண்டுமாயின், 12.245 மெகாஹெர்ட்ஸில் அதிரும் படிகத்தை இடவேண்டும். படிகத்தில் நேரும் சிறு பிழையும் 12 மடங்காகும் என்பதை இங்கு நினைவிற் கொள்க. அதன்பின் சுருள்களையெல்லாம் ஒவ்வொன்றாக இசைத்துச் செல்ல வேண்டும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. காரில் இருந்த கருவி அரை நிமிடம் பேசி ஐந்து நிமிடம் ஓய்ந்திருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. மறுபரப்பியோ மணிக்கணக்காகப் பேசும். ஆகவே 100 வாட் தரவல்ல கருவியை 50 வாட் அளவில் நிறுத்தி, விசிறியும் பொருத்துவர். இதைச் செய்ய மனமில்லாமல் முழு ஆற்றலையும் பிழிய முற்படுவோர், சில திங்களுக்குள் கருகிய பகுதிகளை மாற்ற மலையேறுவர்.

குரல் வந்ததை ஏற்பி அறிவது எப்படி என்பது சுவையான செய்தி. அதிர்வெண் பண்பேற்ற ஏற்பியில் அலை ஏதும் வராதபோது 'உசு' என்னும் இரைச்சல் ஓயாது எழும். அலை வந்தவுடன் அவ்விரைச்சல் அடங்கும். இரைச்சல் அடங்கியதைக் கண்டு ஒரு ரிலே மூடிக்கொண்டு பரப்பியை இயக்குகிறது. அஃதாவது, இக்கருவி ஒலியைக் கண்டு விழிப்பதில்லை. அமைதியைக் கண்டே விழிக்கிறது. யாரேனும் பொத்தானை அழுத்தியபடி மறந்துவிட்டால் நிறுத்துவதற்கு ஒரு கடிகாரமும், நிலையத்தின் பெயரை மோர்சு குறிகளால் அவ்வப்போது சொல்லும் ஒரு பகுதியும் உடன் இருக்கும்.

இனி, இவ்வமைப்பின் உயிர்நாடியான இடருக்கு வருவோம். உங்கள் காதருகே ஒருவன் ஓயாது கூவிக்கொண்டிருக்க, பல காதம் தொலைவில் ஒருவன் முணுமுணுப்பதை நீங்கள் கேட்டாக வேண்டும் என்றால் எவ்வாறு இருக்கும்? மறுபரப்பியின் நிலை அதுவே. நல்ல ஏற்பி 0.25 மைக்ரோவோல்ட் அளவுள்ள குறியலையையும் கேட்கும். அதன் ஆற்றல், ஒரு வாட்டை எட்டுக் கோடி கோடிப் பங்குகளாக்கினால் அவற்றுள் ஒரு பங்காகும். அதே வான்கம்பியின் வழியே, அதே நேரத்தில், பரப்பி 50 வாட்டை வெளியே அனுப்புகிறது. இரண்டிற்கும் இடையே உள்ள அதிர்வெண் வேறுபாடு 0.6 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே; நூற்றில் அரைப் பங்கினும் குறைவு. வாயின் கூச்சலால் செவி மரத்துப்போகாமல் என் செய்வது?

இதற்கு 'டியூப்ளெக்சர்' என்னும் அமைப்பு துணை செய்கிறது. அது நான்கு அல்லது ஆறு உலோகக் குழல்களால் ஆனது. ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமுடையது. உள்ளே நடுவில் ஒரு தண்டு நிற்கும். தண்டின் நீளத்தைத் திருகாணியால் சிறிது கூட்டியும் குறைத்தும், இன்ன அதிர்வெண்ணுக்கு வழிவிடு, இன்னதைத் தடு என்று அக்குழலைப் பணிக்கலாம். ஏற்பியின் பக்கத்துக் குழல்கள் பரப்பியின் பேரலையைத் தடுக்கின்றன. பரப்பியின் பக்கத்துக் குழல்கள் ஏன் வேண்டும் என்று நீங்கள் வினவக்கூடும். பரப்பி தன் அதிர்வெண்ணில் மட்டும் பேசுவதில்லை. இருபுறமும் மெல்லிய இரைச்சலையும் சிந்துகிறது. அவ்விரைச்சல் ஏற்பியின் அதிர்வெண்ணிலேயே விழுந்தால் ஏற்பி எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. ஆதலால் அதனைப் பிறந்த இடத்திலேயே தடுத்துவிட வேண்டும். இவ்விரு தடைகளும் 80 முதல் 90 டெசிபெல் வரை, அஃதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு முதல் நூறு கோடியில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டும். பழைய டியூப்ளெக்சர் ஒன்றை மலிவாக வாங்கிப் புதிய அதிர்வெண்ணுக்கு இசைக்காமலே மாட்டிவிட்டு, கருவி கெட்டதென்று நொந்துகொள்வோர் பலர்.

மறுபரப்பி செவிடாவது எவருக்கும் உடனே தெரிவதில்லை. ஏனெனில் அதன் வாய் நன்றாகவே பேசுகிறது. அருகில் உள்ளவர்கள் பேசிப்பார்த்து, "யாவும் நலம்" என்பார்கள். தொலைவில் வயல் ஓரத்தில் நிற்கும் தொண்டரின் குரல் மட்டும் தொடங்கியவுடன் அறுந்து அறுந்து போகும். கேட்பவர்கள் அவருடைய கருவியைக் குறை கூறுவர். இரவில் எச்சரிக்கை தேவைப்படும் நேரத்தில் இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இக்குறையை நாடும் முறை தெளிவானது. முதலிற் பரப்பியை நிறுத்திவிட்டு, சிக்னல் ஜெனரேட்டர் என்னும் கருவியால், இரைச்சலினிடையே அரிதிற் கேட்கும் அளவுக்கு ஒரு மெல்லிய அலையை ஏற்பிக்குள் செலுத்துவர். பிறகு பரப்பியை இயக்குவர். மெல்லிய ஒலி முன்போலவே கேட்டால் செவி நலமாயுள்ளது. இரைச்சலில் மூழ்கிவிட்டால் செவி மரத்துப்போயிற்று. அடுத்து, டியூப்ளெக்சரினின்று வான்கம்பியைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் ஆற்றலையெல்லாம் வெப்பமாக விழுங்கவல்ல ஒரு மின்தடையைப் பொருத்துவர். இப்போது செவிட்டுத்தன்மை நீங்கினால் குற்றம் வெளியே உள்ளது: வான்கம்பியிலோ, அதற்குச் செல்லும் கம்பிவடத்திலோ, கோபுரத்திலோ தேட வேண்டும். நீங்காவிடில் குற்றம் உள்ளே, டியூப்ளெக்சரிலோ பெட்டிகளிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதித் தேடலைக் குறைத்துவிடுகிறது. இதனைச் செய்யாமல் கண்டதையெல்லாம் கழற்றுபவர்கள் பெரும்பாலும் ஒரு குற்றத்தை இரண்டாக்கிக்கொண்டு இறங்குவர்.

வெளிக்குற்றங்கள் விந்தையானவை. கோபுரத்தில் துருவேறிய ஓர் ஆணி, தளர்ந்த வேலிக் கம்பி, ஒன்றோடொன்று உராயும் இரண்டு தகடுகள் ஆகியவை போதும்; பரப்பியின் பேரலை அவற்றில் பாயும்போது புதிய அலைகளும் வெடிப்பொலிகளும் பிறக்கும். காற்று வீசும்போது மட்டும் 'கறகற'வென்று கேட்டால் இதனை ஐயுறலாம். மழைக்குப் பின் தோன்றி, நன்கு காய்ந்தபின் மறைவதாயின், வடத்தின் இணைப்பில் நீர் புகுந்திருக்கும்.

உட்குற்றங்களுள் ஒன்று, இடையே ஓடும் வடத்தைப் பற்றியது. ஒற்றைப் பின்னலுறையுடைய மலிவான வடத்தின் இடுக்குகள் வழியே அலை கசியும். அத்தனை பாடுபட்டு டியூப்ளெக்சர் தடுத்ததெல்லாம் இவ்வொரு முழ வடத்தால் வீணாகும். இரட்டையுறை வடத்தையே பயன்படுத்த வேண்டும். மற்றொன்று குளிரைப் பற்றியது. பகலில் நன்கு கேட்கும் நிலையம் பனியிரவில் செவிடாயின், குழல்களின் உள்ளே நிற்கும் தண்டுகள் குளிரிற் சுருங்கி இசைவு மாறியிருக்கும். வெப்பத்தால் மிகச் சிறிதே நீளும் 'இன்வார்' என்னும் இரும்பு-நிக்கல் கலவையால் நல்ல குழல்களில் இசைப்புத் தண்டு அமைவது இதனாலேயே. பழங்கருவியில் மின்தேக்கிகள் வறண்டுபோவதும் உண்டு. அப்போது பேச்சினூடே 'உம்' என்னும் மின் ஓசை எழும். இது காணவும் மாற்றவும் எளிது.

நிலையப் பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒரு குறிப்பேடு தொங்கும். ஒவ்வொரு முறை வருபவரும் பரப்பியின் ஆற்றல், வான்கம்பியினின்று திரும்பிவரும் ஆற்றல், ஏற்பி கேட்ட மிகச் சிறிய அலையின் அளவு ஆகியவற்றை நாளிட்டு எழுதிவைப்பர். மேற்கு மாநிலங்களின் உயர்ந்த மலைகளில் உள்ள நிலையங்களுக்கு இலையுதிர் காலத்தில் ஒருமுறை சென்று பார்த்துவிடுவது வழக்கம். சென்ற ஆண்டு 0.25 மைக்ரோவோல்ட்டைக் கேட்ட ஏற்பி, இவ்வாண்டு 0.5-க்குக் குறைந்ததைக் கேட்கவில்லை என்று அளவு காட்டினால், வந்தவர்கள் பெட்டியை மூடுவதில்லை. மீண்டும் வான்கம்பியைக் கழற்றி மின்தடையைப் பொருத்துகின்றனர். முதற்பனி விழுந்துவிட்டால் அம்மலைச்சாலை வேனில் வரையில் திறவாது.