உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாக்கம் லைசென்ஸ் கடல் கடந்தால்…

■ ஆன்சைட் வேலைக்குக் கிளம்பும் பெரும்பாக்கத்துக்காரர், நம்மூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். லைசென்ஸ், பாஸ்போர்ட்டோடு படிவம் 4ஏ-வில் விண்ணப்பிக்க வேண்டும். இதன் ஆயுள் ஓராண்டு. அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் இதுவும் செல்லாது.

■ 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம்தான் இந்த அனுமதிக்கு அடிப்படை. 2022 ஆகஸ்ட் முதல் நாடு முழுவதும் ஒரே வடிவம். அதில் க்யூஆர் கோடும் உண்டு.

■ துபாயில் குடியிருப்பு விசா கைக்கு வந்துவிட்டால் இந்த அனுமதி போதாது. இங்கே பத்து வருடம் ஓட்டியவரும் அங்கே டெஸ்ட் எழுதி, வலப்பக்கம் ஓட்டிக் காட்டியாக வேண்டும்.

■ சிங்கப்பூரில் நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம்தான். ஆனாலும் ஓராண்டுக்கு மேல் தங்குபவர், அடிப்படை எழுத்துத் தேர்வில் தேறி உள்ளூர் லைசென்ஸுக்கு மாற வேண்டும்.

■ சிங்கப்பூரில் கார் வாங்குவதுதான் பெரும்பாடு. காரின் விலை தவிர, அதைப் பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இல் வந்த இந்த முறையில், சமீப ஆண்டுகளில் ஏலத்தொகையே 1 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியதுண்டு. பலர் எம்.ஆர்.டி. ரயிலே போதும் என்றிருப்பதில் வியப்பில்லை!