உங்களுக்குத் தெரியுமா? காமன் பொட்டலே பள்ளிக்கூடம்

● இலங்கை மலையகத்தில் நல்லதண்ணிக்கு மேலே நிற்கும் 2,243 மீட்டர் உயரச் சிகரம் நமக்குச் சிவனொளிபாத மலை. மாசி மாதம் அடிவாரத்தில் யாத்திரிகர் கூட்டம் நெரியும். அதே மாதம்தான் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்கும் காலம். சிவன் பாதம் பதித்த மலையைப் பார்த்துக்கொண்டே, அவர் காமனை எரிப்பதை ஆடுகிறார்கள்! இப்படியோர் இயற்கைத் திரைச்சீலை வேறெந்த மேடைக்கு வாய்க்கும்?

● மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டல் என்னும் கூத்துத் திடலில் கம்பம் ஊன்றினால் பௌர்ணமியில் காமன் தகனம். இடைப்பட்ட நாட்களில் காமனாகிய மதனும் அவன் மனைவி ரதியும் லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்தோறும், ஆடி வருவார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். கூத்து மாஸ்டர் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அடவை ஓரத்தில் நின்று இவர்களும் போட்டுப் பார்ப்பார்கள். சேர்க்கைப் படிவமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. தட்சன், நந்தி, தூதன், வீரபத்திரன், எமன் என்று அத்தனை பேரையும் பத்து வயதுக்குள் அடையாளம் சொல்லிவிடுவார்கள். ரதி வேடம் வழக்கமாக ஆணுக்குத்தான். இனி பெண் பிள்ளைகளும் கட்டட்டுமே!

● கூத்துக்கு அடிக்கும் தப்புப் பறையைக் கையில் எடுத்ததும் அடித்துவிட முடியாது. மலைக் குளிரில் தோல் தளர்ந்து ‘தொப்’ என்றுதான் கேட்கும். குப்பையைக் கூட்டித் தீ மூட்டி, அனலில் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ‘கணீர்’ என்றால்தான் ஆட்டம் தொடங்கும். ஆட்டத்தின் நடுவிலும் காய்ச்ச வேண்டிவரும். சிறுவனுக்கு வசனத்தை உருப்போட வைக்கும் முன் இந்த வேலையைப் பழக்கலாம் என்பது என் கட்சி. ஒருகாலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் அணிவகுப்புக்கு) எழுப்பியதும் இதே தப்புதான்.

● மலையகத்தின் மற்ற இரு பெருங்கூத்துகள்: பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. முன்னது கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை. பின்னதில் அருச்சுனன் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவான். (வீட்டில் முயல வேண்டாம்.)

● இலங்கைப் பள்ளிகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடம். கூத்துக்கு அங்கே இடமுண்டு. அதற்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1960-களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் அவரே பேராசிரியர். ஒரு குறை: அந்த மறுமலர்ச்சி மட்டக்களப்பு, யாழ்ப்பாண மரபுகளைத்தான் பெரிதும் தூக்கிப்பிடித்தது. பேராதனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த தோட்டத்துக் கூத்து காத்திருந்தது.

● தோட்டத்தில் பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்; பிலிப்பைன்ஸில் நடந்தது நேர்மாறு. அங்கே ‘கோமெத்யா’ என்றொரு வாள்சண்டை நாடகம் உண்டு. 1637-இல் மிண்டனாவோ போர் முடிந்த கையோடு, கவித்தே துறைமுகச் சிறுவர்கள் இரு அணியாகப் பிரிந்து போர் விளையாட, அதைக் கண்டுதான் பெரியவர்கள் நாடகம் கட்டினார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

● எரிந்த காமன் எழுவானா? எழுவான். ரதியின் புலம்பலுக்கு இரங்கிச் சிவன் உயிர் தருவார். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். ‘அப்படியென்றால் நாங்கள் பார்ப்பது யாரை?’ என்று பிள்ளைகள் கேட்டால் மாஸ்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

● பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு: தகன இரவில் ஆட்டம் விடிய விடிய நடக்கும். பகலில் நன்றாகத் தூங்க வையுங்கள். கம்பளிக் குல்லாவை மறக்க வேண்டாம்.