ஆக்டிவா சம்பாதிக்கிறது, கார் செலவழிக்கிறது: ஹோண்டா பங்கை நம்பி வாங்கலாமா?

நம்ம ஊரில் ஹோண்டா என்றதும் நினைவுக்கு வருவது ஆக்டிவா. அமெரிக்காவில் அதே பெயரைச் சொன்னால் சிவிக், சிஆர்-வி என்று கார்களைக் காட்டுவார்கள். உலகப் பங்குச்சந்தைகளும் ஹோண்டாவை ஒரு கார் கம்பெனியாகவே எடை போடுகின்றன. ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால், லாபத்தில் பாதிக்கு மேல் கொண்டுவருவது டூவீலர் பிரிவு.

2025 ஆகஸ்டில் வெளியான காலாண்டு முடிவுகள் இதை இன்னும் பளிச்சென்று காட்டின. ஏப்ரல் - ஜூன் காலாண்டில் ஹோண்டாவின் செயல்பாட்டு லாபம், முந்தைய ஆண்டின் இதே காலத்தோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறைந்து, சுமார் 24,400 கோடி யென்னுக்கு வந்தது. (ஒரு யென் என்பது ஏறக்குறைய 60 பைசா.) கார் பிரிவு நட்டத்தில் இறங்கியது. டூவீலர் பிரிவு மட்டும் சுமார் 19,000 கோடி யென் சம்பாதித்துக் கொடுத்தது.

ஹைபிரிட், பைக், எலெக்ட்ரிக் என மூன்று குதிரைகளில் ஒரே நேரத்தில் சவாரி செய்யும் இந்தக் கம்பெனியில் பணம் போடலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லாபம் எங்கிருந்து வருகிறது?

2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்கு இது. மொத்த வருவாய் சுமார் 21.7 லட்சம் கோடி யென். செயல்பாட்டு லாபம் 1.21 லட்சம் கோடி யென். இதில் டூவீலரின் பங்கு 66,340 கோடி யென். கார் பிரிவின் பங்கு 24,380 கோடி யென். மீதியில் பெரும்பகுதி, வாகனக் கடன் கொடுக்கும் நிதிச் சேவைப் பிரிவுடையது.

அந்த ஆண்டில் ஹோண்டா விற்ற டூவீலர்கள் 2 கோடிக்கு மேல். கார்கள் சுமார் 37 லட்சம். 100 யென்னுக்கு பைக் விற்றால் கையில் நிற்பது 18 யென்னுக்கு மேல். 100 யென்னுக்கு கார் விற்றால் 2 யென்கூடத் தேறவில்லை.

இந்த 2 கோடியில் இந்தியாவின் பங்கு மட்டும் சுமார் 58 லட்சம். அதாவது மானேசர், நரசாபுரா, விட்டலாபூர் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வரும் ஸ்கூட்டர்களும் பைக்குகளும்தான், அமெரிக்காவிலும் சீனாவிலும் கார் பிரிவு தடுமாறும்போது முட்டுக்கொடுக்கின்றன. 2025 மே மாதம் ஹோண்டாவின் 50-ஆவது கோடி டூவீலர் குஜராத்தின் விட்டலாபூர் ஆலையில் தயாரானது தற்செயல் இல்லை.

கார் பிரிவுக்கு என்ன ஆச்சு?

மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்தன.

முதல் அடி சீனாவில். 2020-ல் அங்கே 16 லட்சத்துக்கு மேல் கார் விற்ற ஹோண்டா, 2024-ல் சுமார் 8.5 லட்சத்துக்கு இறங்கியது. பிஒய்டி போன்ற உள்ளூர் கம்பெனிகள் விலை குறைந்த எலெக்ட்ரிக், பிளக்-இன் கார்களை வரிசையாக இறக்கியபோது, ஜப்பானியக் கம்பெனிகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

இரண்டாவது அடி அமெரிக்க வரி. 2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு டிரம்ப் அரசு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. இந்த ஒரு காரணத்தால் 2025-26 நிதியாண்டில் 65,000 கோடி யென் அடிபடும் என்று ஹோண்டா முதலில் கணக்குப் போட்டது. ஜூலையில் ஜப்பான் - அமெரிக்கா உடன்பாடு வந்து வரி 15 சதவீதமாகக் குறையும் என்றானதும், அந்த மதிப்பீடு 45,000 கோடியாக இறங்கியது. அப்போதும் அது முந்தைய ஆண்டில் கார் பிரிவு சம்பாதித்த மொத்த லாபத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மூன்றாவது அடி எலெக்ட்ரிக். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கனவு ஏன் சுருங்கியது?

2021-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த டோஷிஹிரோ மிபே, 2040-க்குள் ஹோண்டா விற்கும் கார்கள் அனைத்தும் பேட்டரியிலோ ஹைட்ரஜன் எரிசெல்லிலோ ஓடும் என்று அறிவித்தார். 2024 மே மாதம் இதற்கான முதலீட்டை 10 லட்சம் கோடி யென்னாக உயர்த்தினார்.

சரியாக ஓராண்டு. 2025 மே மாதம் அதே மிபே அந்தத் தொகையை 7 லட்சம் கோடி யென்னாகக் குறைத்தார். 2030-ல் விற்பனையில் 30 சதவீதம் எலெக்ட்ரிக் என்ற இலக்கு, 20 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கனடாவில் 1,500 கோடி கனடிய டாலர் செலவில் அமையவிருந்த எலெக்ட்ரிக் வாகன, பேட்டரித் திட்டம் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிவைக்கப்பட்டது.

காரணம் எளிது. அமெரிக்காவில் எலெக்ட்ரிக் கார் வாங்குபவருக்குக் கிடைத்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. சலுகை போனால் வாடிக்கையாளர் யோசிப்பார். காருக்காகக் கட்டிய தொழிற்சாலை சும்மா கிடக்கும். ஏப்ரல் - ஜூன் காலாண்டிலேயே எலெக்ட்ரிக் தொடர்பான ஒருமுறைச் செலவாக 11,000 கோடி யென்னுக்கு மேல் ஹோண்டா எழுதித் தள்ள வேண்டியிருந்தது.

அப்படின்னா ஹைபிரிட் காப்பாற்றுமா?

ஹோண்டா இப்போது நம்புவது அதைத்தான். 2027-லிருந்து நான்கு ஆண்டுகளில் 13 புதிய ஹைபிரிட் மாடல்கள், 2030-ல் ஆண்டுக்கு 22 லட்சம் ஹைபிரிட் விற்பனை என்பது திட்டம்.

ஹோண்டாவின் ஹைபிரிடில், நகரத்துக்குள் பெரும்பாலும் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். பெட்ரோல் இன்ஜின் அந்த மோட்டாருக்கான மின்சாரத்தை உற்பத்தி செய்யும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு இணையும். சார்ஜிங் நிலையத்தைத் தேட வேண்டியதில்லை, மைலேஜும் கிடைக்கும். நம்ம ஊர் சிட்டி ஹைபிரிடும் இதே தொழில்நுட்பம்தான்.

முதலீட்டாளருக்கு இதில் முக்கியமானது செலவுக் கணக்கு. அடுத்த தலைமுறை ஹைபிரிட் அமைப்பின் தயாரிப்புச் செலவை, 2018 மாடலோடு ஒப்பிட்டால் 50 சதவீதத்துக்கு மேல் குறைப்பதாக ஹோண்டா சொல்கிறது. அது நடந்தால் 2 சதவீதத்துக்கும் கீழே கிடக்கும் கார் லாப விகிதம் நிமிர வாய்ப்புண்டு. ஆனால் இந்த மைதானத்தில் டொயோட்டா பல ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருக்கிறது. புது மாடல்கள் 2027-ல்தான் வரத் தொடங்கும் என்பதால், அதுவரை பொறுமை தேவை.

பைக் லாபம் பத்திரமா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. கார் பிரிவு தேறும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டியது டூவீலர். அந்தத் தூணிலேயே விரிசல் விழுந்தால்?

இந்தியாவில் 2024-25-ல் விற்ற டூவீலர்களில் எலெக்ட்ரிக்கின் பங்கு சுமார் 6 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் அந்தச் சந்தையைப் பிடித்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். டிவிஎஸ், ஏதர் இரண்டுக்கும் ஓசூரில் ஆலை. ஓலாவுக்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஆக்டிவாவின் எலெக்ட்ரிக் வடிவத்தை ஹோண்டா 2025 ஜனவரியில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எலெக்ட்ரிக் டூவீலருக்கென்றே தனித் தொழிற்சாலை இந்தியாவில் 2028-ல் இயங்கத் தொடங்கும் என்கிறது.

வியட்நாம் நிலைமை இன்னும் அவசரம். ஹோண்டாவின் கோட்டை அது. தலைநகர் ஹனோயின் மையப் பகுதியில் 2026 ஜூலை முதல் பெட்ரோல் பைக்குகளுக்குத் தடை விதிக்க அந்நாட்டு அரசு 2025-ல் உத்தரவிட்டது. உள்ளூர் போட்டியாளர், தூத்துக்குடியில் கார் ஆலை திறந்திருக்கும் அதே வின்ஃபாஸ்ட்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் 18 சதவீத லாபம் கிடைக்குமா என்பதுதான் ஹோண்டாவின் அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கும். பேட்டரி விலை அதிகம், போட்டியும் கடுமை. பெட்ரோல் ஸ்கூட்டர் தந்த லாப விகிதம் அப்படியே தொடரும் என்று கணக்குப் போடுவது ஆபத்து.

பங்குதாரருக்கு என்ன ஆறுதல்?

ஹோண்டா பங்கு அதன் புத்தக மதிப்பைவிடக் குறைவான விலையில் கைமாறுகிறது. கம்பெனியின் சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சும் தொகையைவிடக் குறைவாகவே சந்தை மதிக்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட கம்பெனிகள் நிலைமையைச் சரிசெய்ய வேண்டும் என்று 2023-ல் டோக்கியோ பங்குச்சந்தை வலியுறுத்தியது.

நிசானுடன் இணையும் பேச்சை அறிவித்த 2024 டிசம்பரிலேயே, 1.1 லட்சம் கோடி யென் வரை சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவதாகவும் ஹோண்டா சொன்னது. இணைப்புப் பேச்சு 2025 பிப்ரவரியில் முறிந்தது. பங்கு திரும்ப வாங்குவது தொடர்ந்தது. 2025-26 நிதியாண்டுக்கு ஒரு பங்குக்கு 70 யென் டிவிடெண்ட் என்று மதிப்பிட்டது. மலிவு விலை, டிவிடெண்ட் இரண்டும் உண்மை. ஆனால் மலிவான பங்கு ஆண்டுக்கணக்கில் மலிவாகவே கிடப்பதும் உண்டு.

இந்தியாவிலிருந்து வாங்க முடியுமா?

இங்கே ஒரு குழப்பம் உண்டு. ஆக்டிவா தயாரிக்கும் ஹோண்டா மோட்டார்சைக்கிள் அண்ட் ஸ்கூட்டர் இந்தியா நம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படவில்லை. பட்டியலில் இருக்கும் ஹோண்டா இந்தியா பவர் புராடக்ட்ஸ், ஜெனரேட்டர், பம்புசெட் தயாரிக்கும் கம்பெனி. ஹீரோ மோட்டோகார்ப்புக்கும் ஹோண்டாவுக்கும் இருந்த கூட்டு 2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டதோடு முடிந்த கதை.

தாய் நிறுவனப் பங்கு வேண்டும் என்றால் நியூயார்க் சந்தையில் கிடைக்கிறது. அங்கே ஒரு யூனிட் என்பது ஜப்பானியப் பங்கு மூன்றுக்குச் சமம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஓராண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். முதலீட்டுக்காக ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டி அனுப்பினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீத டிசிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. வெளிநாட்டுச் சொத்து என்று வருமான வரிப் படிவத்தில் காட்டுவது கட்டாயம்.

எதைக் கவனிக்கலாம்?

அடுத்த சில காலாண்டுகளில் மூன்று எண்கள் போதும். டூவீலர் லாப விகிதம் 18 சதவீதத்துக்கு அருகிலேயே நிற்கிறதா? கார் பிரிவு நட்டத்திலிருந்து வெளியே வருகிறதா? எலெக்ட்ரிக்குக்காக மேலும் எவ்வளவு தொகையை எழுதித் தள்ளுகிறார்கள்?

முதல் எண் உறுதியாக நின்றால், மற்ற இரண்டும் தேற ஹோண்டாவுக்கு அவகாசம் கிடைக்கும். அது சரியத் தொடங்கினால், பங்கு எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் அவசரப்படாமல் இருப்பதே நல்லது.