எம்.எஸ். நோயும் மூளையின் சிரைகளும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குவதால் வரும் நோய். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சிரையைப் பற்றிய குறிப்பைக் கண்டதும், போடிநாயக்கனூரிலிருந்தும் ஏலமலைத் தோட்டங்களிலிருந்தும் வரும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “ரத்தக்குழாயில் அடைப்பா? நீக்கினால் நோய் தீருமா?”

அக்குறிப்பு அடைப்பைக் குறிப்பதன்று. நோயெதிர்ப்பு அணுக்கள் மூளையின் நுண்ணிய சிரைகளின் வழியே வெளியேறி மூளைத் திசுவுக்குள் நுழைகின்றன. ஆகவே தழும்புகள் பெரும்பாலும் ஒரு சிரையைச் சுற்றியே உருவாகின்றன. இதனை 1863ஆம் ஆண்டிலேயே ரிண்ட்ஃபிளைஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் நுண்ணோக்கியில் கண்டார். இன்று தனிவகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்புள்ளியின் நடுவே மெல்லிய கருங்கோடாக அச்சிரை தெரிகிறது.

இது நோயறிதலுக்குப் பெரிதும் உதவுகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றாலும் மூளையில் வெண்புள்ளிகள் தோன்றலாம். அவற்றின் நடுவே சிரை தென்படுவது குறைவு. 2024இல் திருத்தப்பட்ட மெக்டொனால்டு நோயறி விதிகளிலும் இவ்வடையாளம் இடம்பெற்றுள்ளது.

கழுத்துச் சிரைகளின் சுருக்கமே எம்.எஸ். நோய்க்குக் காரணம் என்று 2009இல் இத்தாலிய மருத்துவர் பாவ்லோ சம்போனி கூறினார். சிரையை பலூனால் விரிக்கும் சிகிச்சையை நாடிப் பலர் நாடு விட்டு நாடு சென்றனர், இந்தியாவுக்கும் வந்தனர். ஆனால் 2013இல் வெளியான கனடிய ஆய்வு, நலமாக உள்ளோரிடமும் அதே சுருக்கம் அதே அளவில் இருப்பதைக் காட்டியது. சம்போனியே தலைமையேற்று நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்விலும் பலூன் சிகிச்சையால் பயன் கிட்டவில்லை. அச்சிகிச்சையால் ரத்தக்கட்டு, பக்கவாதம், உயிரிழப்பு ஆகியவை நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் எச்சரித்தது.

ஆதலால், அடைப்பை நீக்கி எம்.எஸ். நோயைக் குணப்படுத்துவதாக எவரேனும் கூறினால், ஏலக்காய் விற்ற பணத்தை அதில் செலவிட வேண்டாம். அதை நம்பித் தற்போதைய மருந்தை நிறுத்தவும் வேண்டாம். நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளே நோய் மீண்டும் தாக்குவதைக் குறைக்கின்றன. புகைபிடித்தலைக் கைவிடுவதும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் மூளையின் நலத்தைக் காக்கும்.

ஒவ்வொரு முறை வரும்போதும் பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் குறுந்தகட்டையும் தவறாது கொண்டு வாருங்கள். பழையதோடு ஒப்பிட்டாலே புதிய தழும்பு புலப்படும். பார்வை மங்கல், மரத்துப்போதல், கால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் புதிதாகத் தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே எங்களிடம் வாருங்கள்.