மீன்தொட்டியில் ஒட்சிசன்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் சிலர், விடியற்காலையில் மீன்கள் யாவும் நீர்மட்டத்திற்கு வந்து வாய் பிளந்து நிற்றலைக் கண்டு, அவை பசித்தன என்று கருதி இரை தூவுகின்றனர். பெரும்பாலும் அம்மீன்கள் வேண்டுவது இரையன்று, ஒட்சிசனே. காற்றைத் தொடும் மெல்லிய மேற்படை நீரில் அவ்வாயு சிறிது கூடுதலாக இருத்தலின், மூச்சுத் திணறும் மீன் அந்நீரை நாடி வருகின்றது. அவ்வேளை தூவிய இரை உண்ணப்படாது அழுகுமாயின், அதனைச் சிதைக்கும் பற்றீரியாக்களும் எஞ்சிய ஒட்சிசனிற் பங்கு கொள்ளும்.

நீரில் ஒட்சிசன் எத்துணை அரிது என்பதைக் காற்றில் வாழும் நாம் எளிதில் உணர்வதில்லை. செல்சியசு 30 பாகையில் ஓர் இலீற்றர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. அதே வெப்பநிலையில் ஓர் இலீற்றர் நன்னீர் காற்றிலிருந்து ஏற்றுக் கரைத்துக்கொள்வது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் மாத்திரமே. 20 பாகையில் அது 9 மில்லிகிராமைச் சிறிது தாண்டும். வெப்பம் ஏற ஏற மீனின் தேவை மிகுகின்றது. நீரின் கொள்திறனோ குறைகின்றது. ஆதலின், குளிர்நாட்டு நூல்கள் கூறும் மீன் எண்ணிக்கையை நம் நாட்டில் அப்படியே மேற்கொள்ளல் தகாது.

வளியூட்டும் பம்பியின் குமிழிகளே நீருக்கு ஒட்சிசன் முழுவதையும் அளிக்கின்றன என்பது பலரது எண்ணம். சாதாரண வீட்டுத்தொட்டியில் ஒரு குமிழி அடியிலிருந்து மேலேற ஓரிரு விநாடியே செல்லும். அதற்குள் அது வழங்குவது சிறிதே. அதன் பெரும்பணி வேறு. நீரினுள் ஒட்சிசன் தானே பரவும் வேகம், காற்றிற் பரவும் வேகத்திலும் ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. எனவே நீர் அசையாதிருப்பின், மேற்படை நிறைவுற்றிருக்கவும் அடியிலுள்ள மீன் திணறலாம். மேலேறும் குமிழிகள் அடிநீரைத் தம்மோடு இழுத்து வந்து காற்றோடு சேர்க்கின்றன. மேற்பரப்பைக் கலக்கும் வடிகட்டியும் இதனையே செய்யும்.

நீரின் கனவளவிலும் அதன் மேற்பரப்பே முக்கியம் என்பது இதனாற் பெறப்படும். உருண்டைக் கிண்ணத்தைக் கழுத்துவரை நிரப்புதல் அழகாகத் தோன்றலாம். ஆயினும் நடுவயிறு மட்டும் நிரப்பிய கிண்ணமே கூடுதலான காற்றைத் தொடும்.

நீர்த்தாவரங்கள் இருப்பின் பம்பி எதற்கு என வினவலாம். பொன்மீன்கள், வலிசுநேரியாச் செடி, நத்தைகள் ஆகியன ஒரு கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ்தலை இலண்டனில் றொபேட் வொறிங்டன் என்னும் இரசாயனர் 1850இல் விளக்கினார். அவர் வைத்த பொன்மீன்கள் இரண்டே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்! ஒளித்தொகுப்புப் பகலுக்கே உரியது. இரவில் தாவரமும் மீனைப்போல ஒட்சிசனை உட்கொள்கின்றது. விடியலுக்குச் சற்றுமுன் நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருத்தல் இதனாலேயே.

எல்லா மீனும் ஒரு தன்மையன அல்ல. நம் குளங்களில் வாழும் விராலும் பனையேறியும் காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்புடையன. தொட்டிகளில் வளர்க்கும் குறாமியும் அத்தகையதே. பொன்மீனுக்கு அவ்வுறுப்பு இல்லை.

2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாடோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, பம்பியை மாத்திரம் நம்பி மீன்களை நெருக்கி வளர்த்தலின் இடர் தெளிவாயிற்று. மின்சாரம் நின்றால் முதலில் இரையை நிறுத்துக. பின்னர்த் தொட்டிநீரையே ஒரு குவளையில் முகந்து ஒரு சாண் உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றுக. சில நிமிடம் செய்து, இடைவிட்டுத் திரும்பவும் செய்யலாம். தொட்டிக்கு வெளியே வைக்கும் வளிப்பம்பியை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் வேண்டும். கீழே வைப்பின், அது நின்றதும் நீர் குழாய் வழியே இறங்கிப் பம்பியினுட் புகுந்துவிடும்.