பழைய ஜெனரேட்டரில் ஃபிளைவீல் கழல மறுக்கிறதா? சுத்தியலை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

2012-ல் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு நினைவிருக்கிறதா? சிவகாசி வட்டாரத்தில் கடைக்குக் கடை சின்ன ஜெனரேட்டர் உறுமிய காலம் அது. 1985-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீராம் ஹோண்டா போன்ற நிறுவனங்களின் பெட்டி ஜெனரேட்டர்களுக்கு அப்போது தனி மவுசு. கரன்ட் சீரானதும் பலவும் மூலைக்குப் போய்விட்டன.

இப்போது அவசரத்துக்கு எடுத்துக் கயிறு இழுத்தால், கரன்ட் பொறி வருவதில்லை. பழைய எஞ்சின்கள் பலவற்றில் பாயின்ட், கண்டென்சர் இரண்டும் ஃபிளைவீலுக்கு அடியில்தான் இருக்கும். அதைப் பார்க்க ஃபிளைவீலைக் கழற்றியாக வேண்டும். சிக்கலே அங்குதான்!

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

கிராங்க் தண்டின் முனை கூம்பு போலச் சரிந்திருக்கும். ஃபிளைவீலின் துளையும் அதே சரிவுதான். நட்டை முறுக்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். ஃபிளைவீலைப் பிடித்து வைத்திருப்பது இந்த இறுக்கம்தான். இடையில் உள்ள அரைநிலா வடிவ 'கீ', சக்கரம் சரியான இடத்தில் உட்கார வழிகாட்டும், அவ்வளவே. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்த இறுக்கத்தோடு துருவும் சேர்ந்துகொள்ளும்.

'ஒரே போடு, வந்துரும்' சரியா?

இல்லை. தண்டின் முனையில் நேரடியாக அடித்தால் மரை நசுங்கும். தண்டு வளையலாம், பேரிங் கெடலாம். சக்கரத்தின் விளிம்பில் அடித்தால் வார்ப்பு விரிசல் விடும், காந்தம் பெயரும். விரிசல் விட்ட ஃபிளைவீல் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் சிதறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முறையாகக் கழற்றுவது எப்படி?

* முதலில் பிளக் வயரைப் பிடுங்குங்கள். டேங்க்கில் உள்ள எரிபொருளை வடித்துவிடுங்கள்.
* கயிறு ஸ்டார்ட்டர், மூடியைக் கழற்றுங்கள். நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று மரையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சில எஞ்சின்களில் இடது மரை இருக்கும்.
* நட்டை முழுதாக எடுக்காதீர்கள். தண்டின் முனைக்குச் சமமாக விட்டுவையுங்கள். மரை தப்பும், சக்கரமும் தெறித்து விழாது.
* துரு இளக்கும் எண்ணெயை நடுவில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள்.
* நடுப்பகுதியில் உள்ள மரைத்துளைகளில் புல்லரை மாட்டுங்கள். விளிம்பைப் பிடித்து இழுக்கும் புல்லர் வேண்டாம்.
* புல்லரின் நடு போல்ட்டை நன்கு இறுக்கி, அதன் தலையில் லேசாக ஒரு தட்டு. 'டக்'கென்று சத்தம் வந்தால் விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். வரவில்லையா? இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் பொறுமை.

சூடு காட்டலாமா?

ஃபிளைவீல் அலுமினியம் என்றால் சூட்டில் இரும்புத் தண்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதனால் சூடு உதவும். ஆனால், ஆயில் சீலும் காந்தமும் கெடக்கூடும். சூடான காற்று போதும். கேஸ் டார்ச் வேண்டாம்.

நாரணாபுரம் போன்ற ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டாசு ஆலை வளாகத்திலோ, மருந்து கையாளும் இடத்தருகிலோ திறந்த நெருப்பும் தீப்பொறி எழுப்பும் கருவிகளும் கூடாது. 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் இதில் கறாரானவை. இரும்பு மேல் இரும்பு பட்டாலே பொறி பறக்கலாம். எனவே எஞ்சினை வெளியே, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் கழற்றுவதே சரி. மருந்துத் தூள் படிந்த எஞ்சின் என்றால், முதலில் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது

கூம்பின் இரு பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் பிடிமானம் குறையும். கீ லேசாக நசுங்கியிருந்தாலும் புதிது போடுங்கள். அது சற்றே நகர்ந்தாலும் பொறி தவறான நேரத்தில் விழும். கயிறு கையை உதறித் திருப்பி இழுக்கும்.

காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே இடைவெளி வைக்க, மெக்கானிக்குகள் விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிப் பார்ப்பார்கள். சுமார் 0.3 மி.மீ. அளவு கிடைக்கும். அச்சகங்கள் நிறைந்த சிவகாசியில் அதற்குப் பஞ்சமா என்ன?